கடவுளைக் கண்டுபிடிச்சிட்டா என்ன பண்ணுவீங்கப்பா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அபு முரைக்காவில் இருக்கும் அபுதாபி இந்துக் கோயிலுக்குப் போனேன். "கூட்டிக்கொண்டு" என்பதுதான் சரியான சொல். நான் வெறும் டிரைவர். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் ஏற்பாடு. பர்துபாயில் கிரீக் ஓரமாகக் கோயில் இருந்த காலத்தில் சந்து முனை வரைக்கும் நான், உள்ளே அவர்கள். ஜெபல் அலியில் 2022-ல் புதுக் கோயில் திறந்த பிறகு பார்க்கிங் வரைக்கும் நான், உள்ளே அவர்கள். திரும்பி வரும்போது வீட்டம்மா என் நெற்றியைப் பார்த்துவிட்டு, திருநீற்றை ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு காகிதத்தில் மடித்து வைத்துவிடுவாள். சண்டை இல்லை, சமாதானமும் இல்லை. அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அன்றைக்கு நானும் உள்ளே போனேன். காரணம் பக்தி இல்லை, தொழில். நான் வெல்டிங் இன்ஸ்பெக்டர். 2001-ல் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பேப்ரிகேஷன் யார்டுகளில் குழாயையும் தகட்டையும் சோதித்துக்கொண்டிருப்பவன். 2024 பிப்ரவரி 14-ல் திறந்த இந்தக் கோயிலின் கட்டுமானத்தில் இரும்பே கிடையாது, ராஜஸ்தான் மணற்கல்லும் இத்தாலிப் பளிங்கும்தான் என்று கேட்டபிறகு எவனால் வெளியில் நிற்க முடியும்? ஏழு எமிரேட்டுகளுக்கு ஏழு கோபுரம். அதோடு அழுத்தம், வெப்பம், நில அதிர்வு எல்லாவற்றையும் அளப்பதற்கு கட்டடத்துக்குள் 300-க்கும் மேற்பட்ட சென்சார்களைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். வாயைப் பிளந்துகொண்டு சுற்றிப் பார்த்தேன். வீட்டம்மாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். நானும் கெடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள். பதினேழு வயசு. ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"ப்பா, அங்க முந்நூறு சென்சார் இருக்குல்ல. ஒரு நாள் அதுல ஒண்ணு சாமியவே பிடிச்சிடுச்சுன்னு வைங்க. சயின்ஸே வந்து, ஆமா, கடவுள் இருக்காருன்னு சொல்லிடுச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

எங்கள் அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய பதில் ஒன்று கையிலேயே இருந்தது. பெரியாரிடம் யாரோ, "கடவுள் உங்கள் முன்னால் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டதாகவும், "இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்" என்று அவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதையே சொன்னேன்.

"அது தப்பிக்கற பதில்ப்பா" என்றாள். "பெரியார் என்ன பண்ணுவாருன்னு நான் கேக்கல. நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஜெபல் அலி தாண்டி, துபாய் தாண்டி, ஷார்ஜா நெரிசலில் மாட்டி வீடு வந்து சேரும்வரை என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

ஒருமுறை கண்டுபிடித்தாயிற்று

உண்மையில், கடவுளை ஒருமுறை கண்டுபிடித்தாயிற்று. 2012 ஜூலை 4.

அன்றைக்கு ராத்திரி பவானியிலிருந்து அம்மா போன் செய்தாள். "கண்ணு, டிவில சொல்றாங்க, வெளிநாட்டுல சாமியக் கண்டுபிடிச்சுட்டாங்களாமா. உங்கப்பன் ஒண்ணுமே பேசமாட்டேங்கறாரு."

ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் துகள் சிக்கிய செய்தி அது. நம் ஊர் செய்திகளில் "கடவுள் துகள் கண்டுபிடிப்பு" என்று ஓடியது. லியான் லெடர்மன் என்ற இயற்பியல் அறிஞர் 1993-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்து வந்த பெயர். கையில் சிக்காமல் படுத்திய துகளை "பாழாய்ப்போன துகள்" என்று அழைக்கத்தான் ஆசைப்பட்டேன், பதிப்பாளர் விடவில்லை என்று அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். துகளுக்குத் தன் பெயரைக் கொடுத்த பீட்டர் ஹிக்ஸ் ஒரு நாத்திகர். அந்தச் செல்லப் பெயர் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அப்பா ஜமக்காளத் தறி நெசவாளி. சாகும்வரை கறுப்புச் சட்டை. விஷயத்தை விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "துகளுதான? அதுக்கு ஆரு பூசை பண்றதுன்னு சண்டை வராம இருந்தாச் சரி" என்றார்.

அன்றைக்குச் சிரித்தேன். இப்போது யோசித்தால், என் மகளின் கேள்விக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பால் குடித்த பிள்ளையாரும் அம்மிக்குழவியும்

1995 செப்டம்பர் 21. எனக்குப் பதினேழு வயசு. காலையில் தெருவே அல்லோலகல்லோலம். பிள்ளையார் பால் குடிக்கிறார்! டெல்லியில் தொடங்கி நாடு முழுக்க, லண்டன் வரைக்கும் ஒரே நாளில் பரவிய செய்தி. பால் விலை ஏறிவிட்டது. கறுப்புச் சட்டைக்காரர் வீட்டுப் பையன் என்பதால் தெருவில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "எங்கடா உங்கப்பன்? இப்ப என்ன சொல்லுவாரு?"

அப்பா என்ன செய்தார் தெரியுமா? சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கோயில் வரிசையில் நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேலே. கையில் ஒரு கிண்ணம் பால், ஒரு கரண்டி. சிரித்தவர்களுக்கு, "குடிச்சா நல்லதுதானுங்க. பாத்துட்டுப் போறேன்" என்று பதில்.

பார்த்தார். கரண்டியைத் தும்பிக்கையில் ஒட்டிச் சாய்த்தால் பால் குறைவது உண்மைதான். வீட்டுக்கு வந்ததும் அம்மிக்குழவியைக் கழுவி நிறுத்தி, அதே கரண்டியை ஒட்டினார். குழவியும் குடித்தது. அடுத்தடுத்த நாட்களில் விஞ்ஞானிகள் சாயம் கலந்த பாலைக் கொடுத்துக் காட்டினார்கள். மேற்பரப்பு இழுவிசை கரண்டியின் விளிம்பிலிருந்து பாலை இழுக்கிறது, பிறகு அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகச் சிலைமேல் வழிந்து இறங்குகிறது. அவ்வளவுதான்.

அப்பா வெற்றிக் களிப்போடு அம்மாவைப் பார்த்தார். அம்மா அசரவில்லை. "அப்ப அம்மியிலயும் சாமி இருக்குது" என்றாள்.

இந்தக் கதையை நான் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன், அம்மாவைக் கிண்டல் செய்வதற்காக. ஆனால் இதில் முக்கியமான இடம் அம்மிக்குழவி இல்லை, வரிசை. நாத்திகன் என்றால் கோயிலுக்குப் போகாதவன் என்று ஊர் நினைத்தது. அப்பாவோ, ஆதாரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் போய் வரிசையில் நிற்பவன்தான் நாத்திகன் என்று நினைத்தார்.

சத்தியம் வேண்டாம், பிலிம் காட்டு

என் வேலையிலும் அதே கதைதான். வெல்டர் வந்து, "சார், அல்லா மேல சத்தியமா நல்ல வெல்டு" என்பான். பொய் சொல்கிறான் என்று நான் நினைப்பதில்லை. அவன் நம்பிக்கை உண்மையானது. ஆனால் எக்ஸ்ரே பிலிமை விளக்கில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். பிலிமில் ஓட்டை தெரிந்தால் ரிஜெக்ட். அதுவும் உடனே இல்லை. முதலில் பிலிமில் கீறலா, கழுவினதில் கோளாறா, கருவியின் கேலிபிரேஷன் தேதி தாண்டிவிட்டதா என்று பார்ப்போம்.

ஆகவே சென்சார் ஒன்று "கடவுள்" என்று கூவினால் நான் செய்யும் முதல் வேலை, அந்த சென்சாரின் கேலிபிரேஷன் சான்றிதழைக் கேட்பது. இது திமிர் இல்லை. விஞ்ஞானத்தின் மிகப்பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று இப்படித்தான் நடந்தது.

1964. அமெரிக்காவில் நியூ ஜெர்சி. பென்சியாஸ், வில்சன் என்று இரண்டு பேர். அவர்களுடைய பெரிய ஆன்டெனாவில் எந்தத் திசையில் திருப்பினாலும் ஓயாமல் ஓர் இரைச்சல். கருவியில் கோளாறு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். உள்ளே புறா கூடு கட்டியிருந்தது. புறாவை விரட்டி எச்சத்தையும் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. கடைசியில் பார்த்தால் அது பிரபஞ்சம் பிறந்த வெடிப்பின் மிச்ச வெப்பம். 1978-ல் நோபல் பரிசு.

இதில் நாத்திகருக்கு என்ன சம்பந்தம்? இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்று முதலில் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் லெமைத்ரே. பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். எதிர் முகாமில் பிரெட் ஹாயில், நாத்திகர். தொடக்கம் என்றால் தொடங்கி வைத்தவன் என்று ஒருவன் வந்துவிடுவானே என்ற எரிச்சல் அவருக்கு உண்டு. பிரபஞ்சம் எப்போதும் இருக்கிறது, எப்போதும் இருக்கும் என்ற கொள்கையை 1948-ல் நண்பர்களோடு சேர்ந்து முன்வைத்தார். "பிக் பேங்" என்ற பெயரே 1949-ல் பி.பி.சி. வானொலிப் பேச்சில் ஹாயில் வைத்ததுதான். இரைச்சல் சிக்கியது. பெரும்பாலான விஞ்ஞானிகள், அவர்களில் நாத்திகர்களும் ஏராளம், பாதிரியார் பக்கம் போனார்கள். ஹாயில் மட்டும் 2001-ல் சாகும்வரை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

மறுபக்கமும் பாருங்கள். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், இது படைப்புக்கு விஞ்ஞானமே தரும் சாட்சி என்ற பொருள்படப் பேசினார். சங்கடப்பட்டது யார்? பாதிரியார் லெமைத்ரேதான். என் கணக்கைக் கணக்காக விடுங்கள், அதன்மேல் விசுவாசத்தைக் கட்டாதீர்கள், நாளைக்குக் கணக்கு மாறினால் என்ன செய்வீர்கள் என்பது அவருடைய கவலை.

ஒரு நாத்திகர் தனக்குப் பிடிக்காத ஆதாரத்தைத் தள்ளினார். ஒரு பாதிரியார் தனக்குப் பிடித்த முடிவுக்கு அவசரப்பட மறுத்தார். இரண்டு பேரில் யார் மாதிரி இருக்க ஆசை என்று கேட்டால், நான் கூச்சமில்லாமல் பாதிரியாரைக் காட்டுவேன்.

நாமக்கல்லும் கேம்பிரிட்ஜும்

பவானியிலிருந்து நாமக்கல் ரொம்பத் தூரமில்லை. நாமகிரித் தாயார் கோயிலுக்கு அம்மா பலமுறை போயிருக்கிறாள்.

1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெயர் ராமானுஜன். தன் சூத்திரங்களை நாமகிரித் தாயார் தந்ததாகச் சொன்னவர். கடிதத்தைப் பிரித்த ஜி.எச்.ஹார்டியோ ஊரறிந்த நாத்திகர்.

ஹார்டி என்ன செய்தார்? சூத்திரங்களைச் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அலசினார். இது மேதையின் வேலை என்று புரிந்துகொண்டார். உடனே பதில் எழுதினார், நிரூபணம் அனுப்புங்கள் என்று. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் சொன்னவற்றில் சில தவறு என்றும் பின்னால் தெரிந்தது. தாயார் கொடுத்தது எப்படித் தப்பாகும் என்று ஹார்டி கேலி செய்யவில்லை. தாயாரின் பெயர் ஒட்டியிருக்கிறதே என்று சரியான சூத்திரங்களைத் தூக்கி எறியவும் இல்லை. 1914-ல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தார். 1918-ல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

கடைசிவரை இவர் நாத்திகர், அவர் ஆத்திகர். நடுவில் ஒரு காகிதம், அதில் ஒரு கணக்கு. அந்தக் காகிதத்தின் மீது இரண்டு பேருக்கும் இருந்த மரியாதைதான் அவர்களைச் சேர்த்து வைத்தது.

கிழவர்களின் கட்டிலைச் சுற்றி

நம்மாட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. "எல்லா நாத்திகனும் சாகும்போது ராமா கிருஷ்ணா என்பான்." இதை நான் கேம்ப்பிலும் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன்.

திருவல்லாவில் 1898-ல் பிறந்து, 1928-ல் இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர் ஆபிரகாம் கோவூர். மோசடி செய்ய முடியாத சூழலில் யாராவது ஓர் அற்புதத்தை நிகழ்த்திக் காட்டினால் ஒரு லட்ச ரூபாய் என்று 1963-ல் அறிவித்தார். 1978-ல் இறக்கும்வரை ஒருவரும் அதை வாங்கவில்லை. கண்ணையும் உடலையும் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு அதே சவாலைக் கையில் எடுத்தவர் நம் கோவை போத்தனூர் பிரேமானந்த். 2009-ல் அவர் நோயில் படுத்திருந்தபோது, கடவுள் பக்கம் திரும்பிவிட்டார் என்று புரளி கிளம்பியது. மனிதர் சும்மா இருக்கவில்லை. நான் பழைய பகுத்தறிவாளன்தான் என்று செப்டம்பரில் ஓர் அறிக்கை எழுதி வைத்தார். அக்டோபர் 4-ல் காலமானார்.

இதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள், அடுத்த கதையையும் கேளுங்கள்.

ஆன்டனி புளூ. இங்கிலாந்தின் பெயர்பெற்ற நாத்திகத் தத்துவப் பேராசிரியர். வாழ்நாள் முழுக்கக் கடவுள் இல்லை என்று எழுதியவர். 2004-ல், எண்பது வயது தாண்டிய பிறகு, மரபணுவின் சிக்கலான அமைப்பைப் பார்த்தால் இதற்குப் பின்னால் ஓர் அறிவு இருக்கத்தான் வேண்டும் என்று மனம் மாறியதாக அறிவித்தார். வாதம் எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கே போவேன் என்பது அவர் சொன்ன காரணம். விஞ்ஞானம் கடவுளைக் காட்டினால் நாத்திகன் என்ன செய்வான் என்பதற்கு உலகம் பார்த்த நேரடி உதாரணம் இவர்தான்.

மற்ற நாத்திகர்கள் என்ன செய்தார்கள்? அவருடைய வாதத்துக்குப் பதில் சொன்னவர்கள் உண்டு. கிழவருக்கு மூளை மழுங்கிவிட்டது, கூட இருந்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று பேசியவர்களும் உண்டு. 2007-ல் அவர் பெயரில் வந்த புத்தகத்தை உண்மையில் எழுதியது யார் என்று பெரிய சண்டையே நடந்தது. வாதத்தில் ஓட்டை இருந்தால் ஓட்டையைக் காட்டலாம். மரபணு சிக்கலானது என்பது மட்டுமே கடவுளுக்கு ஆதாரமாகாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஆளைப் பார்த்து, "வயசாயிடுச்சு பாவம்" என்று சொல்வது ஆதாரம் இல்லை. பிரேமானந்தின் கட்டிலைச் சுற்றி நின்று புரளி கிளப்பியவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் ரொம்ப இல்லை.

நேர்மையாகச் சொன்னால், நாளைக்கே ஆதாரம் வந்தாலும் எங்களில் பாதிப் பேர் ஹாயில் மாதிரி முரண்டு பிடிப்போம். மனிதன் தன் கொள்கையை விட்டுக்கொடுப்பது தறியை விற்பது மாதிரி. வெறும் மரக்கட்டைதான், ஆனாலும் கை நடுங்கும்.

இருக்கிறார், சரி. அப்புறம்?

ஆனால் மகளின் கேள்வியில் முக்கியமான இடம் இன்னும் வரவில்லை. கண்டுபிடித்தாயிற்று, சோதித்தாயிற்று, புறா எச்சம் இல்லை, கேலிபிரேஷன் சரி. கடவுள் இருக்கிறார். நான் அடுத்த நிமிடம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிடுவேனா?

இங்கேதான் அப்பாவின் ஜமக்காளத் தறி ஞானம் வருகிறது. "ஆரு பூசை பண்றது?"

பெரியார் கடவுளோடு போட்ட சண்டை இயற்பியல் சண்டை இல்லை. 1924-ல் வைக்கத்தில் அவர் சிறைக்குப் போனது பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்பதற்காக இல்லை, கோயிலைச் சுற்றிய தெருவில் ஒரு மனிதன் நடக்கலாமா கூடாதா என்பதற்காக. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று தமிழ்நாட்டில் 1970-ல் சட்டத் திருத்தம் வந்தது. பயிற்சி முடித்த 24 பேர் கையில் பணி ஆணை வந்தது 2021 ஆகஸ்ட் 14-ல். அரை நூற்றாண்டு! கடவுள் இருக்கிறாரா என்பதை ஒரு சென்சார் ஒரு நொடியில் தீர்த்துவிடலாம். அவர் பக்கத்தில் யார் நிற்கலாம் என்பதை எந்த சென்சாரும் தீர்க்காது.

இன்னொன்று. எந்தக் கடவுள்? நான் வந்த புதிதில் சோனாப்பூரில் ஒரு கேம்ப் ரூமில் ஆறு பேர். இரண்டு மலையாளி, ஒரு பாகிஸ்தானி, ஒரு நேபாளி, ஒரு சிலோன் தமிழர், நான். ஒருவர் தொழும்போது மற்றவர்கள் ரேடியோவைக் குறைப்போம். அந்த அறையின் சமாதானம், யாருடைய கடவுளும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதில் நின்றது. ஒருநாள் காலையில் செய்தி வந்து, அதில் ஒருவரின் கடவுள்தான் நிஜம் என்று நிரூபணமாகியிருந்தால்? மற்ற ஐந்து பேரும் அடுத்த நாள் பஸ்ஸில் அவரைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்போம்? நாத்திகன் என்ன செய்வான் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அன்றைக்கு அதிகம் தவிக்கப்போவது மற்ற ஆத்திகர்கள்.

2020 ஏப்ரல்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். மகள் படிப்பாள். எழுதிவிடுகிறேன்.

2020 மார்ச் கடைசியில் இந்தியாவுக்கு விமானங்கள் நின்றன. இங்கிருந்து முதல் சிறப்பு விமானங்கள் கேரளாவுக்குப் பறந்தது மே 7-ல். அப்பா அதற்கு இரண்டு வாரம் முன்னால், ரமலான் பிறை பார்த்த வாரத்தில், இறந்துபோனார். கொரோனா இல்லை, நெஞ்சுவலி.

உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும், சடங்கு கூடாது என்று எழுதி வைத்திருந்தார். ஊரடங்கில் உடலைக் கொடுக்க வழியில்லை. தம்பி போன் செய்தான். "அண்ணா, அம்மா ஒரு விளக்காவது வெக்கோணும், தேவாரம் சொல்லோணும்னு அழுவுது. அப்பா எழுதி வெச்சது நம்ம கையில இருக்குது. என்ன பண்றது?"

கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு முடிவு சொல்ல வேண்டிய பிள்ளைகளுக்குத்தான் அந்த நேரம் புரியும். அப்பாவின் சொல்லைக் காப்பாற்றினால் அம்மா உடைந்துவிடுவாள். அம்மாவின் மனசைக் காப்பாற்றினால் அப்பா வாழ்ந்ததற்கு அர்த்தம் என்ன? "அம்மா கேக்கறதப் பண்ணு" என்றேன். இன்றைக்கும் அது சரியா என்று எனக்குத் தெரியாது. எரியூட்டியதை வீடியோ காலில் பார்த்தேன். நெட் இரண்டு முறை கட்டானது.

ராத்திரி பால்கனியில் தனியாக நின்றேன். கீழே தெரு காலி. வாயிலிருந்து தானாக, "முருகா" என்று வந்தது.

வந்தது. மறைக்கவில்லை. பக்கத்து பிளாட் கோழிக்கோட்டுக்காரர், மாஸ்க் போட்டுக்கொண்டு, நோன்புக் கஞ்சிப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு, "உங்க உப்பாவுக்கு துஆ செஞ்சேன்" என்றார். கறுப்புச் சட்டைக்காரர் மகன் நன்றி சொன்னேன். அதுவும் மனசாரத்தான்.

அன்றைக்கு நான் கடவுளைக் கண்டுபிடித்தேனா? இல்லை. அம்மா தாலாட்டும்போது சொன்ன சொல் ஒன்று, நாற்பது வருஷம் கழித்து வெளியே வந்தது. அது ஏக்கம், ஆதாரம் இல்லை. வெல்டரின் சத்தியம் மாதிரி, உண்மையானது. ஆனால் பிலிம் வேறு.

ஆகவே கடவுள் கண்டுபிடிக்கப்பட்டால் அவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வாரம் எங்கே இருந்தீர்கள்? இந்தக் கேள்வியை நாத்திகத் திமிர் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னைவிட முன்னால் வரிசையில் நின்று இதைக் கேட்கப்போவது என் அம்மா.

படிவத்தில் ஒரு கட்டம்

இந்த ஊரில் நாத்திகம் மேடை போட்டுப் பேசுகிற விஷயம் இல்லை. எமிரேட்ஸில் மதங்களை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் 2015-ல் வந்தது. சவுதியில் 2014-ல் நாத்திகக் கருத்துக்கு அழைப்பு விடுப்பதையே பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தார்கள். பிழைக்க வந்த இடத்தில் யாருடைய சாமியையும் திட்டுவது என் வேலையும் இல்லை. விஞ்ஞானத்தை இந்த ஊர் ஒதுக்கவும் இல்லை. 2021 பிப்ரவரியில் செவ்வாய்க்கு விண்கலம் போய்ச் சேர்ந்தது. 2011-ல், புர்ஜ் கலீபாவில் 80-வது மாடிக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு நிமிடமும் 150-க்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடமும் தாமதமாக நோன்பு திறக்க வேண்டும் என்று இங்குள்ள மார்க்க அறிஞர் சொன்னார். உயரத்தில் சூரியன் மறைய நேரமாகும், கணக்கு அவ்வளவுதான். நம்பிக்கையும் அளவுகோலும் ஒரே லிப்டில் ஏறி இறங்கும் ஊர் இது.

ஆனால் விசா படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. அப்பாவுக்கு அது பெரிய வருத்தம். "ஹிந்துன்னு போட்டியா?" என்று 2001-ல் கேட்டுவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. நம் நாட்டிலேயே 2011 கணக்கெடுப்பில் நாத்திகர் என்று வெளிப்படையாகப் பதிந்தவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர்தான். திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்க வருஷக்கணக்கில் அலைந்து, 2019 பிப்ரவரியில்தான் வாங்கினார். கட்டத்தைக் காலியாக விடுவது அவ்வளவு கஷ்டம்.

போன வாரம் மகளின் விசா புதுப்பிக்கும் வேலை. டைப்பிங் சென்டரில் இருந்த பையன் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு, "மதம்?" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பதினேழு வருஷமாக அவள் சார்பில் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஹிந்துன்னே போடுங்க" என்றாள். வெளியே வந்ததும், "அம்மாவுக்காகத்தான்ப்பா. எனக்கு இன்னும் தெரியல" என்றாள்.

"தெரியலைன்னு சொல்றதுல தப்பில்ல கண்ணு" என்றேன். எங்கள் அப்பா எனக்குச் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

சரி, உன் கேள்விக்குப் பதில். விஞ்ஞானம் கடவுளைக் கண்டுபிடித்தால் முதலில் வரிசையில் நிற்பேன், உன் தாத்தா நின்ற மாதிரி. கருவியைச் சரிபார்ப்பேன். சரியாக இருந்தால், கை நடுங்கினாலும் கையெழுத்துப் போடுவேன், இருக்கிறார் என்று. ஆனால் கும்பிடுவதற்கு முன்னால் என் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். உன் பாட்டியின் கேள்விக்கும். அதுவரைக்கும் வழக்கம்போல உன்னையும் அம்மாவையும் கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் பார்க்கிங்கில் காத்திருப்பேன்.

இதைப் படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நாத்திகன் என்ன செய்வான் என்று எங்களிடம் கேட்டாயிற்று. விஞ்ஞானம் ஒருநாள் கடவுளைக் கண்டுபிடித்து, அவர் நீங்கள் கும்பிடும் சாமி இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் சாமி என்று சொன்னால், நீங்கள் என்ன செய்வீர்கள்?